பெர்ஃபியூஷன்: ‘ஊடுபரவல்’ பொருந்தாது, ‘பாய்ச்சல்’ என்போம்

வணக்கம்.

கொடையாக வந்த கல்லீரலை இயந்திரத்தில் இணைத்து உயிர்ப்போடு வைத்திருக்கும் ‘மெஷின் பெர்ஃபியூஷ’னுக்கு ‘இயந்திர ஊடுபரவல்’ என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பரவல் தானாக நடப்பது. டிஃப்யூஷனுக்குப் பரவல், ஆஸ்மாசிஸுக்குச் சவ்வூடு பரவல் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். இங்கே பம்பு தள்ளினால்தான் எதுவும் நகரும்.

‘பாய்ச்சல்’ என்று வைக்கலாம்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வயலுக்குப் பாயும். இரண்டும் வேறு என்பது மடை திறந்துவிட்ட எவருக்கும் தெரியும். வாய்க்கால் நிறைய ஓடினாலும் கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்கலாம். ரத்தக் குழாயில் இருப்பது ஓட்டம்; அது திசுவின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்வதுதான் பெர்ஃபியூஷன். கல்லீரலுக்கு இரண்டு வாய்க்கால்கள்: கல்லீரல் தமனி, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் வாயிற்சிரை. (இலங்கையில் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் சொல்வார்கள்.) புலிப்பாய்ச்சலோடு குழம்பாதா என்று கேட்கலாம். நீர்ப்பாய்ச்சல் என்றால் யாரும் குழம்புவதில்லையே.

அடுத்து, வகைகள். 37 டிகிரியில் ரத்தத்தைக் கொண்டே செய்வது ‘உடல்வெப்பப் பாய்ச்சல்’. ஆக்ஸ்போர்டில் உருவான கருவியில் இப்படி வைத்திருந்த ஈரலை 2013-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள். ஈரல் வேலை செய்கிறதா என்பது கண்ணெதிரே தெரியும்: குழாய் வழியாகப் பித்தம் சொட்டும். 10 டிகிரியை ஒட்டிச் செய்வது குளிர்ப் பாய்ச்சல். அதில் ஆக்சிஜனும் சேரும்போது ‘ஆக்சிஜனேற்றிய’ என்று எழுதிவிடாதீர்கள். ஆக்சிஜனேற்றம் என்றால் ஆக்சிடேஷன், இரும்பு துருப்பிடிப்பது. ‘ஆக்சிஜன் ஊட்டிய குளிர்ப் பாய்ச்சல்’ என்றால் சரியாக வரும்.

‘ஸ்பிளிட் லிவரு’க்குப் ‘பிளவு ஈரல்’ என்கிறார்கள். பிளவு என்றதும் காயம்தான் நினைவுக்கு வருகிறது. 1988-இல் ஜெர்மனியின் ஹனோவரில் அறுவை மருத்துவர் ருடால்ஃப் பிக்ல்மாயர் ஒரே ஈரலை இரண்டாகப் பிரித்து இருவருக்குப் பொருத்தினார். வழக்கமாக இடப்பக்கச் சிறு பகுதி குழந்தைக்கும் மிச்சப் பெரும்பகுதி பெரியவருக்கும் போகும். எனவே ‘பகிர்வு’ என்போம். ‘கூறு’ என்ற சொல்லை செக்மென்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஈரலில் 8 கூறுகள்.

‘பாய்ச்சல்’, ‘பகிர்வு’ இரண்டும் சேர்ந்து வரும் இடம்தான் முக்கியம். பனிக்கட்டியில் வைத்துப் பிரித்தால், பிரிக்கிற ஒவ்வொரு நிமிடமும் ஈரல் ரத்தமின்றிக் கிடக்கிறது. பாய்ச்சல் நடக்கும்போதே பிரித்தால் வெட்டுமுகத்தில் எங்கே கசிகிறது என்று அங்கேயே பார்த்துக் கட்டிவிடலாம். சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனைக் குழு, மாற்றுக்கு ஏற்காத ஈரல்களை ஆய்வுக்காக இப்படிப் பிரித்து, இரு பகுதிகளையும் ஒரு வாரத்துக்கு மேல் இயந்திரத்தில் வைத்துக் காட்டியிருக்கிறது. இதைப் ‘பாய்ச்சல்வழிப் பகிர்வு’ என்று எழுதிப் பார்க்கிறேன், உறுத்தவில்லை.

அப்புறம், ‘பிரிசர்வேஷன்’. ஒப்புதல் படிவம் ஒன்றை மொழிபெயர்த்து, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ‘பதப்படுத்தி’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். “அது கருவாட்டுக்குச் சொல்றதுதானே தம்பி?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று மாலையே ‘பேணல்’ என்று திருத்தினேன். தம்பியின் உறுப்பைக் கொடுக்கிறவர் காதில் விழப்போகும் சொல் அது. அகராதிக்குச் சரியாக இருந்தால் மட்டும் போதாது.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: “உங்கள் தம்பியின் கல்லீரலை இயந்திரப் பாய்ச்சலில் பேணி, இருவருக்குப் பகிர்ந்து பொருத்துவோம்.”

வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சையின் பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை: ‘பகிர்வு ஈரல் மாற்று’ என்பதா, ‘ஈரல் பகிர்மாற்று’ என்பதா? எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது.