பெட்டி கட்டும் முன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன், வலங்கைமான். கூடத்தில் அக்கா மகளின் பெட்டி திறந்து கிடக்கிறது. அடுத்த மாதம் டொராண்டோவுக்குப் படிக்கப் போகிறாள். பருப்புப்பொடி, ஊறுகாய், காப்பி ஃபில்டர் எல்லாம் எடை பார்த்தாயிற்று. நேற்று சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, இதுக்கு கன்வெர்ட்டர் வாங்கணுமா?" என்று கேட்டாள். நான் நியூஜெர்சியில் 11 வருஷமாக இருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும் பிள்ளைகள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

கன்வெர்ட்டர் என்பது ஒரு நாட்டின் வோல்டேஜை இன்னொரு நாட்டின் வோல்டேஜாக மாற்றிக் கொடுக்கும் சாமான். அதைப் பற்றி யோசிக்கும் முன் அடாப்டரைத் திருப்பி, இன்புட் என்று போட்டிருக்கும் வரியைப் படியுங்கள். எழுத்து எறும்பு அளவுதான் இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் கவலையே வேண்டாம். (ஹெர்ட்ஸ் என்பது கரண்ட் நொடிக்கு எத்தனை சுற்று முன்னும் பின்னும் மாறி ஓடுகிறது என்ற கணக்கு.) நம் ஊர் 230 வோல்ட்டிலும் ஓடும், அமெரிக்கா, கனடாவின் 120 வோல்ட்டிலும் ஓடும், ஜப்பானின் 100 வோல்ட்டிலும் ஓடும். லேப்டாப், போன், கேமரா சார்ஜர் பெரும்பாலும் இந்த வகைதான். பிளக் மட்டும் மாறினால் போதும்.

இது எப்படி என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. குறுவைக்கு நாற்று விடும் நாட்களில் போர் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது எங்கள் தெருவில் டியூப்லைட் பிடிக்காமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம். ஆனால் அந்த லோ வோல்டேஜிலும் போன் பாட்டுக்கு சார்ஜ் ஏறும். சார்ஜருக்குள் வரும் கரண்டை முதலில் டிசியாக, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்டாக மாற்றி, அதை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்பி, வெளியே போகிற வோல்டேஜ் சரியாக இருக்கிறதா என்று சர்க்யூட்டே பார்த்துக்கொள்கிறது. குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும்.

சுருதிப்பெட்டியோடு வந்த அடாப்டர் அந்த வகை இல்லை. கையில் எடுத்ததுமே செங்கல் மாதிரி கனம். திருப்பினால் "இன்புட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவுட்புட் 12 வோல்ட் டிசி, 500 மில்லிஆம்ப்" என்று இருந்தது. உள்ளே செம்புக்கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். 230 கொடுத்தால் 12 தரும், 120 கொடுத்தால் ஏறக்குறைய ஆறுதான் தரும். சுருதி நிற்காது. பாடுகிற பெண்ணுக்கு அதைவிடத் தொந்தரவு வேறு என்ன?

இதற்குக் கன்வெர்ட்டர் தேவையில்லை. பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட் டிசி, அவ்வளவுதான். அதை எந்த அடாப்டர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கும்பகோணத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் இன்புட் 100-240 போட்ட 12 வோல்ட், 1 ஆம்ப் அடாப்டர் வாங்கினோம். பழையதில் இருந்த 500 மில்லிஆம்ப் என்பது அரை ஆம்ப். வோல்ட் அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்ப் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. அப்புறம் அந்தச் சின்ன வட்டப் படம்: நடுவில் ஒரு புள்ளி, ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ். பழைய அடாப்டரில் புள்ளியோடு பிளஸ் சேர்ந்திருந்தால் புதியதிலும் அப்படியே இருக்க வேண்டும். மாறிப்போனால் பெட்டியே போய்விடும். கடையிலேயே மாட்டிப் பார்த்தோம், சுருதி அசையாமல் நின்றது.

மலிவாக, லேசாக இருக்கும் டிராவல் கன்வெர்ட்டர்களை நம்பாதீர்கள். அவற்றில் பல, ஹேர் டிரையர் போலச் சூடாகும் சாமான்களுக்காகச் செய்தவை. எலெக்ட்ரானிக் சாமானில் மாட்டக்கூடாது.

இப்போது சொல்வதை எனக்காக நினைவில் வையுங்கள். நான் போன மூன்றாவது வருஷம் அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாக இருந்தது. அங்கிருந்து நெபுலைசர் ஒன்று வாங்கிவந்தேன். பின்னை மாற்றும் பிளக்கை மாட்டி, சுவரில் சொருகி, சுவிட்சைப் போட்டேன். பெரிதாக உறுமியது, ரப்பர் கருகும் வாடை வந்தது, நின்றுவிட்டது. அடியில் "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அந்த பிளக் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அன்று ராத்திரி அம்மா தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். 120 வோல்ட் சாமானில் 230 போனால், சூடாக்கும் கம்பி ஏறக்குறைய நான்கு மடங்கு பவர் இழுக்கும். வீட்டுக்கு வாங்கி வருகிற எதையும் படித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் போகிறவர்களுக்கு நம் வோல்டேஜ்தான், அதே 50 ஹெர்ட்ஸ்தான். செவ்வகமான மூன்று பின் உள்ள பிளக் மட்டும் வாங்குங்கள். லேப்டாப் சார்ஜரில் சுவரிலிருந்து கட்டை வரை வரும் ஒயர் தனியாகக் கழன்று வரும். அங்கே அந்த ஒயரை மட்டும் வாங்கினால் எர்த்தும் ஒழுங்காகக் கிடைக்கும்.

மிக்ஸியும் கிரைண்டரும்தான் எல்லா அம்மாக்களின் கவலை. அமெரிக்கா, கனடாவுக்கு நம் வீட்டு மிக்ஸி வேண்டாம். 750 வாட் மோட்டாருக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மரே தூக்க முடியாத கனம், 60 ஹெர்ட்ஸையும் அது மாற்றாது. அந்த ஊர் 120 வோல்ட்டில் ஓடும் மிக்ஸியைக் கடைகளில் 110 வோல்ட் மாடல் என்பார்கள், அப்படியே கேட்டு வாங்குங்கள், அங்கே இந்தியக் கடைகளிலும் கிடைக்கும். இங்கேயே வாங்கினால் ஓடுகிறதா என்று கடைக்காரரையே அவருடைய டிரான்ஸ்ஃபார்மரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, "ஒரு தடவை அரைத்துப் பார்த்துடலாம்" என்று யாராவது சொருகிவிடாமல் இருக்க, பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டி வைத்துவிடுங்கள்.