சாப்பாட்டுல அடம் பிடிக்கிற பூனைக்கு சுகர் வந்தா என்ன பண்றீங்க? உங்க அனுபவத்த சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். பூனைக்கு சுகர் வந்தா என்ன சாப்பாடு குடுக்கணும்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க, ஆனா அதெல்லாம் வச்சத சாப்பிடுற பூனைக்கு எழுதினது. வச்சத மோந்து பார்த்துட்டு, பக்கத்து தரைய முன்னங்காலால பறிச்சு மூடுற மாதிரி பண்ணிட்டு போற பூனைய வச்சிருக்கவங்க நிலைமை வேற. அவங்களுக்காக தான் இத ஆரம்பிக்கிறேன்.

எங்க பூசணி ஆண் பூனை, கருத்தடை பண்ணது, வயசு பத்த தாண்டிடுச்சு, பேருக்கு ஏத்த உடம்பு, பொறந்ததுல இருந்து ட்ரை ஃபுட் தான். சுகர் வர்றதுக்கு இதுல எல்லாமே காரணமாகும்னு டாக்டர் சொன்னாங்க. முதல்ல கண்ணுல பட்டது தண்ணி. சும்மா சும்மா கிண்ணத்துக்கிட்ட போய் நிக்கிறான், அவன் ஒண்ணுக்கு போற லிட்டர் மண்ணுல விழுற கட்டி ஒவ்வொண்ணும் உள்ளங்கை அளவுக்கு இருக்கு, நல்லா சாப்பிட்டும் முதுகெலும்பு கையில தட்டுப்படுது. அப்புறம் பின்னங்கால் குதிகால தரையில பதிச்சு நடக்க ஆரம்பிச்சான். பூனை விரல் மேல தானே நடக்கும், சுகர் நரம்ப பாதிக்கும்போது இப்படி தாழ்ந்து நடக்குமாம். க்ளினிக்ல பார்த்தப்ப சுகர் 400க்கு மேல. பூனைக்கு பயத்துலயே 300 தாண்டி போகும்ங்கறதால அந்த ஒரு நம்பர மட்டும் வச்சு முடிவு பண்ணாம ஃப்ரக்டோசமைன்னு ஒரு டெஸ்ட்டும் எடுத்தாங்க, அது முந்தின ஒண்ணு ரெண்டு வாரமா சுகர் எப்படி இருந்துச்சுன்னு காட்டும். அதுவும் ஏறி தான் இருந்துச்சு. க்ளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒருக்கா 1 யூனிட்னு ஆரம்பிச்சோம்.

ஊசிய நெனச்சு பயப்படுறவங்களுக்கு சொல்றேன், அது சீக்கிரம் பழகிடும். ஊசி அவ்ளோ மெல்லிசு, அவன் சாப்பிட்டுட்டு இருக்கும்போதே விலா பக்கம் தோல லேசா தூக்கி போட்டா திரும்பி கூட பார்க்க மாட்டான். போராட்டமெல்லாம் கிண்ணத்துல தான்.

ட்ரை ஃபுட்ட உருண்டையா பிடிச்சு நிக்க வைக்கவே மாவுச்சத்து வேணும். சுகர் இருக்கிற பூனைக்கு மொத்த கலோரியில மாவுச்சத்து 12 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லதுன்னாங்க, சாதாரண ட்ரை ஃபுட்ல அது 30 பக்கம் நிக்கும். டின்ல பேஸ்ட் மாதிரி வர்றதுல பொதுவா கம்மி. அதே டின்னுலயே கிரேவியில துண்டு போட்டு வருதே, அதுல கிரேவிய கெட்டியாக்க மாவு சேர்ப்பாங்க, அதனால ஈரமா இருக்கிறதெல்லாம் ஒண்ணுன்னு நெனச்சிடாதீங்க. எங்காளுக்கு பேஸ்ட்ட கண்டா ஆகாது, கிரேவிய மட்டும் சுத்தமா நக்கிட்டு துண்ட அப்படியே விட்டுடுவான். அதாவது எது வேண்டாமோ அது மட்டும் தான் அவனுக்கு வேணும்!

அப்ப எல்லாரும் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், "ரெண்டு நாள் பட்டினி போடு, பசிச்சா தானா சாப்பிடும்". தயவு செஞ்சு இத மட்டும் பண்ணாதீங்க. நாய்க்கு அது ஒத்து வரலாம், குண்டு பூனை ரெண்டு மூணு நாள் ஒழுங்கா சாப்பிடலன்னா உடம்புல இருக்கிற கொழுப்பு மொத்தமா கல்லீரல்ல போய் சேர்ந்து கல்லீரல் வேலை செய்யாம போயிடும், சுகர் பூனைக்கு கூடவே கொழுப்பு கரையும்போது வர்ற கீட்டோன்ங்கற அமிலமும் ஏறும், அது உயிருக்கே ஆபத்து. எங்க டாக்டர் ரொம்ப தெளிவா சொன்னாங்க, நல்ல சாப்பாடுங்கறது ரெண்டாவது, சாப்பிடுறது தான் முதல்ல, பழைய ட்ரை ஃபுட்டே ஆனாலும் சாப்பிடட்டும், அதுக்கு ஏத்த மாதிரி இன்சுலின பார்த்துக்கலாம்னு. அத கேட்டதும் தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அதனால மெதுவா மாத்தினோம், மாசக் கணக்குல. முதல்ல நாள் முழுக்க கிண்ணத்துல கிடக்கிற பழக்கத்த நிறுத்தி நேரம் வச்சோம். அவனோட ட்ரை ஃபுட்டுக்கு பக்கத்துல இன்னொரு தட்டுல கொஞ்சூண்டு பேஸ்ட், சாப்பிடலன்னாலும் பரவாயில்ல, அந்த வாசனை பழகட்டும்னு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே வச்சா மூக்கையே கிட்ட கொண்டு வர மாட்டான், வெந்நீர்ல டின்ன கொஞ்ச நேரம் வச்சு உடம்பு சூட்டுக்கு கொண்டு வந்தா நின்னு மோந்து பார்ப்பான். ட்ரை ஃபுட்ட பொடிச்சு மேல தூவினது தான் திருப்புமுனை, பொடிய நக்கும்போது கீழ இருக்கிறதும் நாக்குல ஒட்டுமே. வாரம் போக போக பொடிய கம்மி பண்ணிட்டே வந்தோம். மசிச்சு வச்சா வேண்டாம், ஸ்பூனால கோடு கோடா கீறி வச்சா சாப்பிடுவான், ஏன்னு கேட்டா யாருக்கு தெரியும்.

ஒரு முக்கியமான விஷயம், மாவுச்சத்து குறைய குறைய இன்சுலின் தேவையும் குறையும், சில பூனைக்கு மளமளன்னு குறையும். சாப்பாட்ட மாத்திட்டு டோஸ மட்டும் பழையபடி விட்டா லோ சுகர்ல போய் முடியும். அதனால சாப்பாடு மாத்துற ஒவ்வொரு கட்டத்துலயும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு, வீட்டுலயே சுகர் பார்த்துட்டு தான் செஞ்சோம்.

நீங்க எப்படி சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க.

* * *

அக்கா, படிச்சதும் எங்க வீட்டு கதை மாதிரியே இருந்துச்சு. லோ சுகர் பத்தி நான் சொல்றேன், ஏன்னா எங்க மீனுக்குட்டிக்கு அது வந்துச்சு. காலையில நல்லா சாப்பிட்டா, ஊசி போட்டாச்சு, கொஞ்ச நேரத்துல சாப்பிட்டது மொத்தமும் வாந்தி. மறுபடி வச்சா தொடவே இல்ல. இன்சுலின் உள்ள போயாச்சு, வெளிய எடுக்க முடியாது. உடனே டாக்டருக்கு போன் பண்ணோம், மணிக்கொரு தடவ சுகர் பார்க்க சொன்னாங்க. மதியம் போல நடக்கும்போது குடிச்சவங்க மாதிரி தள்ளாடுறா, கூப்பிட்டா பார்வை எங்கயோ இருக்கு, பார்த்தா 48. பூனைக்கு 60க்கு கீழ போனாலே ஆபத்து. தேன விரல்ல எடுத்து ஈறுல தடவினோம், வாய்க்குள்ள ஊத்தக்கூடாது, முழுங்க முடியாம மூச்சுக்குழாய்க்கு போயிடும். தடவிட்டு நேரா ஆஸ்பத்திரி, அங்க ட்ரிப்ல குளுக்கோஸ் ஏத்தி ராத்திரி வரைக்கும் வச்சிருந்தாங்க. இப்ப நல்லா இருக்கா.

அதுல இருந்து எங்க வழக்கம், முதல்ல சுகர் பார்க்கறது, அப்புறம் சாப்பாடு, சாப்பிட்டு கொஞ்சம் பொறுத்து தான் ஊசி. பாதி தான் சாப்பிட்டா எவ்ளோ போடணும், ஒண்ணுமே சாப்பிடலன்னா என்ன பண்ணணும்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கோம். ஒரு வேளை ஊசி விட்டு போனா சுகர் ஏறும், அவ்ளோ தான், ஆனா கூட போயிட்டா அன்னைக்கே உயிருக்கு ஆபத்து. ஊசி உள்ள போச்சா முடியில போச்சான்னு சந்தேகமா இருந்தாலும் மறுபடி போடாதீங்க, அடுத்த வேளைக்கு பார்த்துக்கலாம்.

இன்னொண்ணு, சிரிஞ்ச். யூ-40ன்னா ஒரு மில்லியில 40 யூனிட், யூ-100ன்னா 100 யூனிட். யூ-40 இன்சுலினுக்கு யூ-40 சிரிஞ்ச், யூ-100க்கு யூ-100. க்ளார்ஜின் யூ-100, பூனைக்குன்னே வர்ற சில இன்சுலின் யூ-40. யூ-100 இன்சுலின யூ-40 சிரிஞ்ச்ல அதே கோடு வரைக்கும் எடுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போயிடும். வீட்டுல வேற யாராவது ஊசி போடுறதா இருந்தா இத முதல்ல சொல்லி குடுங்க.

* * *

நான் வேற ஒரு கோணத்துல சொல்றேன். எங்க கருப்பிய நாங்க ரொம்ப நாளா அடம்னு தான் சொல்லிட்டு இருந்தோம். கிட்ட வருவா, மோந்து பார்ப்பா, உதட்ட நக்கிக்குவா, எச்சில் முழுங்குவா, திரும்பி போயிடுவா. ஒரு தடவ செக்கப்புக்கு போனப்ப இத வீடியோ எடுத்துட்டு போய் காட்டினேன், டாக்டர் பார்த்த உடனே இது அடம் இல்ல, குமட்டல்னு சொல்லிட்டாங்க. ஸ்கேன்ல கணையத்துல வீக்கம். சுகர் இருக்கிற பூனைங்களுக்கு இது கூடவே வர்றது சகஜமாம். குமட்டலுக்கு மருந்தும் வலிக்கு மருந்தும் குடுத்ததும், அவ்ளோ நாள் தொடாத அதே டின்ன உக்காந்து சாப்பிட்டா, எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

பல்லும் பார்க்க சொல்லுங்க. ஈறு வீங்கி பல்லு வலிக்கிற பூனையும் ருசி பார்க்கிற மாதிரி தான் தெரியும், ஒரு பக்கமா மெல்லும், கடிக்கும்போது கீழ போடும். வாயில இருக்கிற அந்த இன்ஃபெக்ஷனாலயே சுகர் இறங்காம நிக்கும். முந்தி சாப்பிட்டுட்டு இருந்த பூனை திடீர்னு வேண்டாம்னா அத குணம்னு விட்டுடாதீங்க. பசி எடுக்க வைக்கிற மருந்தும் இருக்கு, மிர்ட்டாசபைன்னு காதுல தடவுறது கூட வருது, ஆனா கேப்ரோமோரெலின்ங்கறது சுகர ஏத்தும், அதனால எது குடுத்தாலும் பூனைக்கு சுகர் இருக்குன்னு ஞாபகப்படுத்துங்க.

மேல தூவுறதுக்கு வேக வச்ச கோழி, உலர்த்தின கோழிப் பொடி எல்லாம் ஓகே. கடையில வர்ற சூப், குழந்தைங்க சாப்பாடு வாங்கினா வெங்காயம், பூண்டு பொடி இருக்கான்னு பாருங்க, அது பூனையோட ரத்த அணுவ அழிக்கும்.

* * *

ஊசி இல்லாம வாய்ல குடுக்கிற மருந்து வந்திருக்காமே, அடம் பிடிக்கிற பூனைக்கு அது ஈஸியா இருக்காதா? யாராவது குடுத்திருக்கீங்களா சகோ?

* * *

மேல கேட்டவருக்கு, நாங்க அத பத்தி டாக்டர்கிட்ட ரொம்ப நேரம் பேசினோம். ரெண்டு இருக்கு. பெக்ஸாக்ளிஃப்ளோசின் மாத்திரைய அமெரிக்காவுல 2022 டிசம்பர்ல அனுமதிச்சாங்க, வெலாக்ளிஃப்ளோசின் சொட்டு மருந்த 2023ல. ரத்தத்துல இருக்கிற சுகர சிறுநீர் வழியா தள்ளுற மருந்து, நாளைக்கு ஒரு வேளை தான். கேக்க நல்லா தான் இருக்கு. ஆனா அனுமதி குடுத்தப்பவே இன்சுலின் போட்டு பழகின பூனைக்கு குடுக்கக்கூடாதுன்னு தான் போட்டிருந்தாங்க, ஈரல், கிட்னி, கணையம் எல்லாம் பார்த்துட்டு தான் ஆரம்பிப்பாங்க. எல்லாத்துக்கும் மேல, இந்த மருந்துல சுகர் நார்மலா காட்டும்போதே கீட்டோன் ஏறி அசிடோசிஸ், அதாவது ரத்தத்துல அமிலம் கூடுறது, வரலாம், நம்ம மீட்டர்ல நம்பர் அழகா இருக்கும், பூனை சோர்ந்து படுத்திருக்கும். சாப்பிடாம இருக்கிறது தான் அதோட முதல் அறிகுறி. அடிக்கடி சாப்பாட்ட வேண்டாம்னு சொல்ற பூனைக்கிட்ட அத எப்படி கண்டுபிடிப்பீங்க? அதனால தான் எங்க டாக்டர் எங்களுக்கு வேண்டாம்னுட்டாங்க. உங்க பூனைக்கு ஒத்து வரலாம், கேட்டு பாருங்க.

* * *

எல்லாருக்கும் நன்றி, கருப்பி விஷயம் படிச்சுட்டு பூசணியோட பல்லையும் பார்க்க அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன்.

வீட்டுல சுகர் பார்க்க காதுல எப்படி குத்துறதுன்னு தனியா கேட்டிருந்தீங்க. முதல்ல காத விரலால தேய்ச்சு சூடாக்கணும், சூடாகலன்னா ரத்தமே வராது. ஓரத்துல மெல்லிசா ஒரு ரத்தக்குழாய் ஓடும், அதுக்கும் விளிம்புக்கும் நடுவுல குத்தணும், பின்னாடி பஞ்ச மடிச்சு வச்சுக்கங்க, இல்லன்னா நம்ம விரல்ல தான் குத்தும். குண்டூசி தலை அளவு ரத்தம் போதும். குத்தின இடத்த கொஞ்ச நேரம் அழுத்தி பிடிச்சிட்டு உடனே கோழித் துண்டு ஒண்ணு குடுங்க. இப்ப மீட்டர் டப்பா திறக்கிற சத்தம் கேட்டாலே வந்து மடியில ஏறிடுவான். மனுஷங்க மீட்டர்ல பார்த்தா பூனைக்கு பெரும்பாலும் கொஞ்சம் கம்மியா காட்டும், ஒரே மீட்டர்லயே பார்த்து எழுதி வச்சா டாக்டருக்கு புரியும்.

ஊசிய நிறுத்த முடிஞ்சுதான்னும் கேட்டீங்க. முடிஞ்சுது. டோஸ் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, அப்புறம் ஊசியே இல்லாம நார்மலா நிக்குது. எல்லா பூனைக்கும் இப்படி ஆகாது, சீக்கிரம் ஆரம்பிச்சவங்களுக்கு வாய்ப்பு கூட. குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, திரும்ப வரலாம், அதனால வாரத்துக்கு ஒருக்கா பார்த்துட்டு தான் இருக்கேன், தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு எழுத வந்தப்பவும் முதல்ல சுகர் விஷயத்த சொல்லி வேற மருந்து வாங்கினேன்.

குத்தாமலே சுகர் பார்க்க உடம்புல ஒட்டுற லிப்ரே சென்சார் யாராவது பூனைக்கு வச்சிருக்கீங்களா? 14 நாள் நிக்கணும்ங்கறாங்க, பூனைங்க முன்னாடியே பிச்சுடும்னும் சொல்றாங்க. பூசணிக்கு திரும்ப வந்தா அது தான் யோசிச்சு வச்சிருக்கேன், எந்த இடத்துல ஒட்டினா நிக்குதுன்னு சொல்லுங்க.