இந்திய முகாமில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் கடவுச்சீட்டு: எங்கிருந்து தொடங்குவது?

கொடிகாமம்_வாணி

எல்லோருக்கும் வணக்கம். அக்காவின் மகளுக்காகக் கேட்கிறேன். பிள்ளை 2005இல் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். 2012இல் தாயோடு ஊருக்குத் திரும்பினாள். பள்ளிக்கூடம் முழுக்க இங்கேதான். இப்போது ஜப்பானிய மொழி படித்துவிட்டு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நிற்கிறாள், கடவுச்சீட்டு கேட்கிறார்கள். யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்திலேயே) கடவுச்சீட்டு கொடுக்கும் குடிவரவு அலுவலகம் வந்துவிட்டது, இனி லேசுதான் என்று நினைத்தோம். ஆனால் பிள்ளையிடம் இருப்பது ராமநாதபுரத்தில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் மட்டும். ஐ.சி. (அடையாள அட்டை) இல்லை. தகப்பன் அங்கேயே காலமாகிவிட்டார், அவருடைய பிறப்புப் பத்திரம் இடம்பெயர்வில் போய்விட்டது. தெரிந்த ஒருவர் எல்லாவற்றையும் தானே செய்து தருவதாகச் சொல்லி ஒன்றரை இலட்சம் கேட்கிறார். அக்கா நகையை அடைவு வைக்கப் போகிறாள். யாராவது வழி சொல்லுங்கள்.

சங்கானையான்

அக்கா, முதலில் காசைக் கொடுக்க வேண்டாம். கடவுச்சீட்டுக்கு அரசாங்கக் கட்டணம் சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய், ஒருநாள் சேவைக்கு 20,000. அதற்கு மேல் கேட்பது அவருடைய வருமானம். யாழ்ப்பாண அலுவலகம் 2025 செப்டெம்பர் 1ஆம் திகதிதான் திறந்தது. அதற்கு முன் எங்களுக்குக் கிட்ட இருந்தது வவுனியா, இல்லாவிட்டால் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் இருக்கிற தலைமை அலுவலகம். அந்த அலைச்சல் குறைந்தது பெரிய விஷயம்தான். உங்கள் பிள்ளையின் கேஸ் வேறு மாதிரி, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பழைய_எழுதுவினைஞர்

தங்கச்சி, நான் பிரதேச செயலகம் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்தியாவில் இருந்து திரும்பிய குடும்பங்களின் ஆவணங்கள் என் மேசையால் நிறையப் போயிருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இப்போது கடவுச்சீட்டை மறந்துவிடுங்கள். அது கடைசிப் படி. உங்கள் பிள்ளைக்கு முதலில் வேண்டியது பிரஜாவுரிமைப் பதிவு, அதாவது குடியுரிமைப் பதிவு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் 5(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் தாயோ தகப்பனோ அந்த நேரம் இலங்கைப் பிரஜையாக இருந்தால், பிறப்பை இலங்கைத் தூதரகத்திலோ இங்கே குடிவரவுத் திணைக்களத்திலோ பதிந்து வம்சாவழிப் பிரஜையாகலாம். ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும் என்பது விதி. பிந்தினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி பெறலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அகதி முகாமில் இருந்தோம் என்பதை விடத் தகுந்த காரணம் வேறென்ன?

தகப்பனின் பத்திரம் இல்லை என்று பயப்பட வேண்டாம். முன்பு தகப்பன் வழியை மட்டுமே பார்த்தார்கள். 2003இல் சட்டத்தைத் திருத்திய பிறகு தாய் வழியும் செல்லும். ஆகவே அக்காவின் பிறப்புப் பத்திரமும் ஐ.சி.யும்தான் இனி உங்கள் பலம். அவவுடைய பிறப்புப் பத்திரப் பிரதி கையில் இல்லாவிட்டால், பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒரு வழி உண்டு. கலியாணப் பதிவுப் பத்திரம், தகப்பனின் மரணச் சான்றிதழ், முகாமில் தந்த அகதி அட்டை, திரும்பி வந்தபோது கொடுத்த பயணக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். கசங்கியது, கிழிந்தது என்று எதையும் எறிய வேண்டாம்.

இதைத் தீர்மானிப்பது பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவு. அந்தச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கிராம சேவையாளர் மூலம் ஐ.சி.க்கு விண்ணப்பியுங்கள். ஐ.சி. வந்த பிறகுதான் கடவுச்சீட்டு.

இன்னொன்று. பிள்ளையின் பெயர் இந்தியப் பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அங்கே முதலெழுத்தோடு எழுதுவார்கள், இங்கே தகப்பன் பெயரை முழுதாக எழுதுவோம். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பெயர், பிரஜாவுரிமைப் பத்திரத்தில் ஒரு பெயர் என்று வந்துவிட்டால் ஐ.சி.யிலும் தடங்கல், கடவுச்சீட்டிலும் தடங்கல். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து ஒப்பமிடும் பத்திரம்) முடித்து, ஆரம்பத்திலேயே ஃபைலோடு சேருங்கள்.

மனதில் கிடப்பதையும் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகள் தாங்கள் விரும்பியா மண்டபத்தில் பிறந்தார்கள்? ஊருக்குத் திரும்பிய அன்றே அந்தந்தக் கிராம அலுவலர் பட்டியல் எடுத்துப் பதிந்து கொடுத்திருந்தால், இருபது வயதில் ஒரு பிள்ளை தான் எந்த நாட்டவள் என்று காட்டக் கடிதம் கடிதமாகத் தேடித் திரிய வேண்டி வராது. கச்சேரியில் புது அலுவலகம் திறந்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அடுத்ததாக, பிரஜாவுரிமைப் பதிவுக்காரர் கிராமம் கிராமமாக வந்து இருக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியது நாங்கள்தான்.

ஸ்டூடியோ_தம்பி

ஐயா சொன்ன ஒழுங்குதான் சரி. படத்தையும் இப்போதே எடுக்க வேண்டாம் அக்கா. கடவுச்சீட்டுப் படம் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்கலாம். நாங்கள் படத்தை நேரே திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டுத் துண்டு ஒன்று தருவோம், அதை விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். ஐ.சி. கிடைத்த பிறகு வாருங்கள்.

கொடிகாமம்_வாணி

ஐயா, கோடி நன்றி. அக்காவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். நகையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். பெயரைப் பார்த்தோம். நீங்கள் சொன்னது போல இந்தியப் பத்திரத்தில் முதலெழுத்து மட்டும்தான், பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் முழுதாக. சத்தியக்கடதாசியை இங்குள்ள சமாதான நீதவானிடம் முடிக்கலாமா?

பழைய_எழுதுவினைஞர்

முடிக்கலாம். இரண்டு பெயரையும் எழுத்துப் பிசகாமல் அதில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூலப் பிரதி எடுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும். பத்தரமுல்லைக்குப் போகும்போது அக்காவும் கட்டாயம் கூடப் போக வேண்டும், தாயிடம்தான் கேள்வி கேட்பார்கள்.

திருச்சி_முகாமிலிருந்து

இதை வாசிக்கிற முகாம் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. திரும்பிப் போகும் எண்ணம் இருந்தால், பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இங்கிருக்கும்போதே பதிந்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் திருத்துவதற்கும் இங்கே இருக்கும்போதுதான் லேசு. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் ஆட்கள் இந்த வேலைக்கு உதவுவார்கள், முகாமில் விசாரியுங்கள்.