கவுனிங் ரூமில் (சுத்த உடை மாட்டும் அறை) பெஞ்சுக்கு உள்பக்கம் நுண்ணுயிர் காலனி ஏறுகிறது, எதை முதலில் பார்ப்பது?

கேள்வி:
வணக்கம். கதீட்டர் (உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) அசெம்பிளி ரூம் ஐஎஸ்ஓ கிளாஸ் 7 (காற்றுத் தூய்மைத் தரம், எண் குறைந்தால் சுத்தம் அதிகம்), அதற்கு முன்னால் கவுனிங் ரூம் கிளாஸ் 8. கவுனிங் ரூமின் நடுவே, அழுக்கான வெளிப்பக்கத்தையும் சுத்தமான உள்பக்கத்தையும் பிரிக்க ஸ்டீல் பெஞ்ச். பெஞ்சுக்கு உள்பக்கத் தரையில் 55 மி.மீ. கான்டாக்ட் பிளேட் (தரையில் ஒற்றி எடுத்து நுண்ணுயிர் வளர்க்கும் தட்டு) வைத்தால் மூன்று வாரமாக 30 முதல் 40 காலனி வருகிறது. எங்கள் ஆக்‌ஷன் லிமிட் (தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டிய எண்) 25. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் 5 மைக்ரான் துகளும் எகிறுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை 70% ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைக்கிறோம். ஹெப்பா ஃபில்டரை (காற்றின் நுண்துகளை வடிகட்டுவது) மாற்ற வேண்டுமா?

பதில் 1:
ஃபில்டர் ஓட்டையாக இருந்தால் ஆள் இல்லாதபோதும் எண்ணிக்கை ஏறும். ரூமைக் காலி செய்து, 20 நிமிடம் கழித்து எண்ணிப் பாருங்கள். கிளாஸ் 8-ல் 5 மைக்ரானுக்கு வரம்பு கன மீட்டருக்கு 29,300.
அதைவிட முக்கியம், காலனிக்கு கிராம் ஸ்டெயின் (பாக்டீரியா வகையைக் காட்டும் சாயச் சோதனை) போடுங்கள். கிராம் பாசிட்டிவ் உருண்டை வடிவம் (காக்கஸ்) என்றால் மனிதத் தோல், அதாவது கவுன் போடும் முறையில் கோளாறு. ஸ்போர் (பாக்டீரியாவின் கடினமான உறக்க நிலை) உள்ள கோல் வடிவம் என்றால் செருப்பு, அட்டைப்பெட்டி. ஸ்போரை ஐபிஏ கொல்லாது. எத்தனை தடவை துடைத்தாலும் அது தப்பித்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
பெரும்பாலும் ஸ்போர் உள்ள கோல்தான். காலி ரூமில் துகள் வரம்புக்குள் இருக்கிறது. காரிடாருக்கும் கவுனிங் ரூமுக்கும் பிரஷர் வித்தியாசம் 12 பாஸ்கல், ஆனால் ஷிஃப்ட் நேரத்தில் 3-க்கு விழுகிறது. கையுறைப் பெட்டிகள் உள்பக்க ஷெல்ஃபில் இருக்கின்றன.

பதில் 2:
பாதி விடை அந்தக் கடைசி வரியிலேயே இருக்கு சார். அட்டைப்பெட்டி உள்ளே வரவே கூடாது. வெளியிலேயே பிரித்து, உள் பாலிதீன் பையைத் துடைத்து அனுப்புங்கள்.
அடுத்தது பெஞ்ச். கீழே காலிடுக்கு திறந்திருந்தால் அது வெறும் உட்காரும் பலகைதான், எல்லைக்கோடு ஆகாது. தரைவரை தகடு போட்டு மூடி, ஓரத்தை சிலிகான் சீலன்ட் வைத்து அடையுங்கள்.
ரிட்டர்ன் கிரில் (ரூம் காற்றை வெளியே இழுக்கும் துவாரம்) எந்தப் பக்கம்? உள்பக்கம் இருந்தால் வெளிப்பக்கத்துத் தூசியை பெஞ்சுக்கு மேலாக இழுக்கும். ஸ்மோக் டெஸ்ட் (புகை விட்டுக் காற்றோட்டம் பார்ப்பது) செய்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.
பிரஷர் விழுவது பெரும்பாலும் இரண்டு கதவும் ஒன்றாகத் திறப்பதால். இன்டர்லாக் (ஒரு கதவு திறந்திருந்தால் மற்றதைத் திறக்கவிடாத பூட்டு) வேலை செய்கிறதா பாருங்கள், மூன்று மூன்று பேராக விடுங்கள்.

பதில் 1:
வரிசையும் பாருங்கள். தொப்பி, மாஸ்க், ஹூட், பிறகு கவரால் (முழு உடல் மூடும் உடை). கவரால் கால்பகுதியைச் சுருட்டிப் பிடித்துப் போட வேண்டும். தரையைத் தொட்டால் அது துடைப்பம்தான். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலுக்கு பூட் மாட்டி, அந்தக் காலை நேராக உள்பக்கம் வைக்க வேண்டும். மறுகாலும் அப்படியே. பூட் போட்ட கால் திரும்ப வெளிப்பக்கத் தரையில் பட்டால் முடிந்தது கதை. கையுறை கடைசி, கவரால் மணிக்கட்டுக்கு மேலே ஏற வேண்டும்.

பதில் 3:
வாரம் ஒரு முறை பெராக்சைடும் பெரசெடிக் ஆசிடும் கலந்த ஸ்போரிசைடு (ஸ்போரையும் கொல்லும் மருந்து) போடுங்கள். லேபிளில் உள்ள நேரம் முழுக்கத் தரை ஈரமாக இருக்க வேண்டும். பிறகு எச்சத்தைத் துடைக்காவிட்டால் ஸ்டீல் அரிக்கும். மாப் உள்பக்கம் தொடங்கி வெளிப்பக்கம் முடிய வேண்டும்.
பிளேட்டை ஷிஃப்ட் முடிவில், துடைப்பதற்கு முன் வையுங்கள். லெசித்தின், பாலிசார்பேட் 80 மட்டும் உள்ள மீடியம் இந்த ஸ்போரிசைடுக்குப் போதாது, சோடியம் தையோசல்ஃபேட்டும் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்போரிசைடு எச்சம் பிளேட்டில் காலனியை வளரவிடாமல் பொய்யான பூஜ்யம் வரும்.
இன்னொன்று: 25 என்பது ஐரோப்பிய மருந்து விதிகளின் கிரேடு சி எண். ஐஎஸ்ஓ 14644-1-ல் நுண்ணுயிர் வரம்பே கிடையாது. லிமிட்டை உங்கள் டிரெண்டையும், ஐஎஸ்ஓ 11737-1 படி எடுத்த பயோபர்டனையும் (பொருளின் மேலுள்ள நுண்ணுயிர் எண்ணிக்கை) வைத்து நியாயப்படுத்துங்கள், ஆடிட்டர் கேட்பார்.

கேள்வி கேட்டவர்:
ஸ்மோக் விட்டோம். புகை பெஞ்சுக்கு அடியில் நுழைந்து உள்பக்க கிரிலுக்குப் போகிறது. தகடும் கிரில் இடமாற்றமும் சேர்த்து சேஞ்ச் கன்ட்ரோல் (மாற்றத்துக்கான முறையான அனுமதிப் பதிவு) போடுகிறேன்.