சீட் போல்ட்ல எர்த் அடிச்சா சத்தம் வருமா வராதா

எண்ணூறு_ஓனர்: பழைய மாருதி 800 வச்சிருக்கேன். ஸ்டீரியோ கிடையாது, போன்ல இருந்து 3.5 ஜாக் டு ஆர்சிஏ ஒயர் (சவுண்ட் போற ஒயர்) போட்டு நேரா ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபயர்) குடுத்துட்டேன், ஆம்ப ஆன் பண்ற ரிமோட் ஒயர சாவி திருப்புனா கரண்ட் வர்ற லைன்ல கோத்தாச்சு. பாட்டு நல்லாதான் கேக்குது. சார்ஜர லைட்டர் சாக்கெட்ல சொருகி வண்டி ஸ்டார்ட் பண்ணா மட்டும் ஙொய்ய்னு ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுது. கடைல கேட்டா போன் சவுண்டு ஆம்புக்கு பத்தாது, 8,000 ரூவாய்க்கு ஸ்டீரியோ வாங்குங்கறான். நெசமா?

ஒயர்மேன்: புளுகுறான். போன்ல ஒரு வோல்ட் கிட்ட வரும், உள்ள வர்ற சவுண்டுக்கு ஏத்த மாதிரி திருகிக்க ஆம்ப்ல கெயின் திருகு எதுக்கு இருக்கு? அத விடு, ஆம்ப் எர்த்த, அதான் வண்டி பாடில மாட்டற மைனஸ் ஒயர, எங்க அடிச்ச, சீட் போல்ட்லயா?

எண்ணூறு_ஓனர்: ஆமாண்ணே.

ஒயர்மேன்: அப்ப அதான். போல்ட்டுக்கு அடில பெயின்ட், துரு. கழட்டி தகரம் பளபளன்னு தெரியற வரைக்கும் உப்புத்தாள் போட்டு தேச்சு ஒயர் முனைல லக் (வளையம்) வச்சு முறுக்கு.

பேஸ்_பைத்தியம்: வந்துட்டாருய்யா சீட் போல்ட் சித்தர். சார்ஜர் சொருகுனா மட்டும்தான் சத்தம்னு அவர் எழுதிருக்காரு, படிச்சீங்களா இல்லையா? இது கிரவுண்ட் லூப், ரெண்டு எடத்துல எர்த் இருக்கறதால வர்ற சத்தம். ரெண்டையும் பிரிச்சு விடற 300 ரூவா ஐசோலேட்டர் ஒன்னு ஆர்சிஏ ஒயர் நடுவுல போட்டா தீந்துது.

ஒயர்மேன்: லூப்புன்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசறியா தம்பி? ஆம்ப் இழுக்குற கரண்ட் பூரா அந்த போல்ட் வழியாதான் திரும்பிப் போகணும், அங்க தடை இருந்தா ஆம்போட எர்த்து கொஞ்சம் தூக்கி நிக்கும், சார்ஜரோட எர்த்து வேற எடத்துல சும்மா இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒன் ஆர்சிஏ ஒயர் மாட்டிக்கிட்டு கத்துது. மூலம் சீட் போல்ட். 300 ரூவா ஐசோலேட்டர் போட்டா சத்தம் போகும், கூடவே பேஸும் கொறையும், பேர்ல மட்டும் பேஸ் வச்சுக்கிட்டு உக்காந்திரு.

சும்மா_எட்டிப்பார்த்தேன்: ப்ளூடூத் ரிசீவர் வாங்கிட்டா ஒயரே வேணாமே?

ஒயர்மேன்: அந்த ரிசீவருக்கு கரண்ட் எங்க இருந்து? அதே லைட்டர் சாக்கெட். அதே ஙொய். சீட் போல்ட்ட பாருங்கய்யா மொதல்ல.

பேஸ்_பைத்தியம்: என் வண்டிலயும் சீட் போல்ட்தான், அஞ்சு வருஷமா ஒரு சத்தம் இல்ல. பதில் சொல்லுங்க.

ஒயர்மேன்: ஒன் வண்டில என்ன சத்தம் இல்லன்னு எனக்குத் தெரியாதா, போன தீவாளிக்கு சப்வூஃபர் மாட்ட வந்தப்ப பேட்டரி பக்கத்துல ஃபியூஸே இல்லாம செவப்பு ஒயர் ஓடுச்சே, தீப்புடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அந்த கூலி 500 இன்னும் வரல.

பேஸ்_பைத்தியம்: செம்பு ஒயர்னு சொல்லி அலுமினியத்துல செம்பு பூசினத மாட்டிட்டுப் போனவருக்கு கூலி வேறயா?

ஒயர்மேன்: ஒயர் வாங்கிட்டு வந்தது நீ!!

எண்ணூறு_ஓனர்: அண்ணே சண்ட வேணாம். மல்டிமீட்டர் வச்சு பாத்தேன், பாட்டு சத்தமா ஓடறப்ப ஆம்ப் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல 0.4 வோல்ட் காட்டுது.

ஒயர்மேன்: 0.4!!! பாத்துக்க. 0.1 தாண்டக்கூடாது. சீட் போல்ட்.

பேஸ்_பைத்தியம்: மீட்டர் ஒயர் எந்த லட்சணமோ. சார்ஜர புடுங்குனா சத்தம் நிக்குதா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டாரு.

சும்மா_எட்டிப்பார்த்தேன்: 800க்கு எதுக்கு ஆம்ப், கதவு கழண்டு விழுந்துறப் போவுது.

எண்ணூறு_ஓனர்: வண்டிய பத்தி பேசாதீங்க சார், அப்பா வாங்குனது.

ஒயர்மேன்: அத விடுப்பா. போல்ட்ட கழட்டுனியா?

எண்ணூறு_ஓனர்: 14 ஸ்பேனர் போட்டேன் அசையல. டீசல் ஊத்தி வச்சிருக்கேன்.

பேஸ்_பைத்தியம்: ஊத்துங்க ஊத்துங்க. நான் ஐசோலேட்டர் லிங்க் இன்பாக்ஸ்ல அனுப்பிட்டேன்.

ஒயர்மேன்: அனுப்பு. 500ஐயும் அனுப்பு.