பத்துக்குப் பதினொன்று ஹாலில் கொலு: படி எதில் கட்டுவது, முடிந்தபின் எங்கே வைப்பது?

வேளச்சேரி வாணி கேட்டது:

வணக்கம். வாடகை வீடு, இரண்டாவது மாடி. ஹால் பத்தடிக்குப் பதினோரு அடி. ஒரு பெட்ரூம். நான், கணவர், இருபது மாதப் பெண் குழந்தை. மாயவரத்தில் பழைய வீட்டைக் காலி செய்தபோது மாமியார் இரண்டு தகர டிரங்குப் பெட்டி நிறையப் பொம்மைகளை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தாறு.

போன வருடம் சாப்பாட்டு மேசையில் பத்துப் பொம்மையை நிறுத்திச் சமாளித்தேன். இந்த வருடம் மூன்று படியாவது வைக்க ஆசை. சிக்கல்கள் இவை:

மடக்கும் இரும்புப் படி விசாரித்தேன், விலை கட்டுப்படியாகாது. வாங்கினாலும் மீதி முந்நூற்று ஐம்பது நாள் அதை எங்கே வைப்பது? பரணில் ஏற்கெனவே குழந்தையின் சின்னதாகிப்போன துணி, போர்வை, தொட்டில் கம்பி எல்லாம் திணித்துக் கிடக்கிறது. வீட்டுக்காரர் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்கிறார். குழந்தை கையில் எது கிடைத்தாலும் இழுக்கிறாள். இது போதாதென்று, நேற்றுப் பெட்டியைத் திறந்தால் காகிதக் கூழ் பொம்மைகளில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. கிருஷ்ணருக்கு மூக்கு இல்லை. சுற்றி வைத்த செய்தித்தாளின் எழுத்து சரஸ்வதி முதுகில் ஒட்டியிருக்கிறது.

கையில் இருப்பது 1500 ரூபாய். அதிலேயே சுண்டலும் தாம்பூலமும் அடங்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

பொன்னி:

ஒரே படி வைத்தாலும் கொலுதான். மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

திருச்சிக்காரன்:

சகோதரி, நீங்கள் இரண்டு கேள்வி கேட்பதாக நினைக்கிறீர்கள். படி எதில் கட்டுவது, வீட்டுச் சாமானை எங்கே வைப்பது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. சாமான் வைக்கும் பெட்டிதான் படி. பொம்மையை வெளியே எடுத்த பிறகு அந்த டிரங்குகள் சும்மாதானே கிடக்கும்?

உங்கள் டிரங்கு பெரும்பாலும் மூன்றடி நீளம், ஓரடி உயரம் இருக்கும். அளந்து சொல்லுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவரை ஒட்டி அடுக்கினால் 24 அங்குலம். அது மேல்படி. நடுப்படிக்கு 16 அங்குல உயரத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இரண்டு. காலியாக வைத்தால் நடுவில் குழியும். பரணில் இருக்கும் குழந்தைத் துணியையும் போர்வையையும் இறக்கி, மூடியை முட்டும்வரை அழுத்தி நிரப்புங்கள். கொலு முடிந்ததும் அந்த டப்பாக்களை அப்படியே பரணில் ஏற்றிவிடலாம். அங்கேயும் ஒழுங்கு வந்துவிடும். கீழ்ப்படிக்கு எட்டு அங்குலம் போதும். பழைய செய்தித்தாளைக் கட்டுக் கட்டாகச் சணல் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். விஜயதசமி கழிந்ததும் எடைக்குப் போட்டுவிடலாம்!

காசு கொடுத்து வாங்க வேண்டியது மூன்று பலகை மட்டும். மூன்றடிக்குப் பத்து அங்குலம், முக்கால் அங்குல கனம். பிளைவுட் கடையில் வெட்டு மிச்சத் துண்டு கிடக்கும். புதுப் பலகை விலை கொடுக்காதீர்கள். மூன்றையும் அடுக்கினால் இரண்டேகால் அங்குலம்தான் வரும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். வருடம் முழுக்கக் கொலுவுக்கென்று நீங்கள் இடம் ஒதுக்குவது அவ்வளவுதான்.

வேளச்சேரி வாணி:

அண்ணா, அளந்தேன். நீளம் சரியாக 36 அங்குலம். அகலம் 18 இருக்கிறது, மேல்படி மட்டும் ரொம்ப ஆழமாகிவிடாதா?

திருச்சிக்காரன்:

ஆகட்டும். பின்பக்க எட்டு அங்குலத்தில் உயரமான பொம்மைகளை நிறுத்துங்கள். குழந்தைக்கும் எட்டாது.

மாம்பலம் மாமி:

வாணி, படியைத் தம்பி சொல்லிவிட்டார். பொம்மைக்கு நான் வருகிறேன், நாற்பது வருடமாக வைக்கிறேன்.

ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதே. பழைய மண் பொம்மையின் வர்ணம் தண்ணீர் பட்டால் கையோடு வந்துவிடும். நான் ஒரு தடவை தசரதர் முகத்தைத் துடைத்தேன், மீசை என் விரலில் இருந்தது. காய்ந்த பெயிண்ட் பிரஷ், மெல்லிய முடியாக ஒன்று வாங்கு. பூஞ்சை பிடித்ததையெல்லாம் மாடிக்குக் கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கொண்டு தட்டு. பிறகு காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள். உச்சி வெயிலில் வைத்தால் காகிதக் கூழ் வெடிக்கும்.

கிருஷ்ணர் மூக்குக்கு டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் பெவிக்காலில் பிசைந்து ஒட்டு. ஒருநாள் காய்ந்த பிறகு வர்ணம். ஒட்டிய எழுத்தைச் சுரண்டாதே. சரஸ்வதியைச் சுவர்ப் பக்கம் முதுகாக உட்கார வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

பூஞ்சை ஏன் வந்தது என்று யோசித்தாயா? நாம் பொம்மையைக் கட்டி வைப்பதே ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில். ஈரக் காற்றையும் சேர்த்துப் பெட்டிக்குள் பூட்டிவிடுகிறோம். விஜயதசமி மறுநாளே எடுத்தாக வேண்டும் என்று அவசரப்படாதே. கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைச் சாஸ்திரத்துக்குப் படுக்க வைத்தாயிற்று அல்லவா, மற்றவை நல்ல வெயில் அடிக்கும் நாள்வரை காத்திருக்கும். தை மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றாட விடு. சுற்றுவதற்குச் செய்தித்தாள் வேண்டாம், பழைய பருத்தி வேட்டி, புடவைதான்.

பொன்னி:

நான் அந்துருண்டை போட்டு வைப்பேன், பூச்சி வராது.

மாம்பலம் மாமி:

குழந்தை இருக்கும் வீட்டில் கூடாது, பொன்னி. மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். அது விஷம். சில குழந்தைகளுக்கு ரத்த அணுவே சிதைந்துபோகும். கற்பூரமும் அப்படியே, எட்டாத இடத்தில்தான் இருக்க வேண்டும். வேப்பிலையை நிழலில் நொறுங்கும்வரை காயவைத்துத் துணிமூட்டையாகப் போடலாம். பச்சையாகப் போட்டால் அதுவே ஈரம் கட்டும்.

அடையாறு அகிலா:

எனக்கு இரட்டைப் பையன்கள், மூன்று வயது. இழுக்கும் கலையில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

குழந்தை முதலில் இழுப்பது பொம்மையை அல்ல, தொங்கும் துணியை. மேலே இருந்து எல்லாம் சரிந்து வரும். உங்கள் அளவுக்கு நாலு முழ வேட்டி ஒன்றே போதும். ஒவ்வொரு படியிலும் பலகைக்கு அடியில் செருகி, கடைசி முனையைச் செய்தித்தாள் கட்டுக்கு அடியில் கொடுத்துவிடுங்கள். பிடிக்க நுனியே இருக்கக் கூடாது.

கீழ்ப்படியை அவளுக்கே விட்டுவிடுங்கள். மரச் சொப்பு, துணி யானை, வர்ணம் பூசாத பழைய மரப்பாச்சி இருந்தால் அதுவும். செம்மரம், விழுந்தாலும் உடையாது. "தொடாதே" என்று ஒன்பது நாள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தொடுவதற்கென்று ஒரு படி இருந்தால் மேலே போவது குறைகிறது. நின்றுவிடுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆணி இல்லாத பின்திரைக்கு, ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்க்கதவின் மேல் தாழ்வரை ஒரு நைலான் கயிறு கட்டி, கல்யாணப் பட்டுப்புடவையை மடித்துப் போடுங்கள். சீரியல் விளக்கு இருந்தால் எல்இடியாகப் பார்த்து மேல்படியில் ஓட்டுங்கள், ஒயர் டிரங்குக்குப் பின்னால் இறங்கட்டும். எண்ணெய் விளக்கு படிப் பக்கமே வேண்டாம், பூஜை அலமாரியிலேயே எரியட்டும்.

படிக்கு முன்னால் சின்னதாகப் பார்க் வைக்க ஆசையிருந்தால் ஒரு பழைய தட்டில் மண் போட்டு, நாலைந்து நாள் முன்னால் வெந்தயம் தூவுங்கள். கைக்கண்ணாடிதான் குளம்.

மாம்பலம் மாமி:

நாற்பத்தாறையும் வைக்கப் பார்க்காதே. படிக்கு எட்டு, ஒன்பது. மீதிக்கு அடுத்த வருடம் முறை. தாம்பூலத்துக்கு ஜாக்கெட் துணி வாங்கிக் காசைக் கரைக்காதே, அது ஊரெல்லாம் சுற்றிவிட்டு உன் வீட்டுக்கே திரும்பி வரும். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு பழம், சுண்டல் போதும். எல்லாரையும் சனி, ஞாயிறில் வரச் சொன்னால் கடலையை இரண்டே தடவை ஊறப் போட்டால் போதும்.

வேளச்சேரி வாணி:

இன்று மூன்றாம் நாள். எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். பலகை மூன்றும் 420 ரூபாய்க்குக் கிடைத்தன, ஒன்றில் மட்டும் ஓரம் கொஞ்சம் பிய்ந்திருந்தது, வேட்டி மறைத்துவிட்டது. பிளாஸ்டிக் டப்பா ஒன்று வீட்டில் இருந்தது, இன்னொன்றைப் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார்கள். பரணில் இப்போது தொட்டில் கம்பி மட்டும்தான். கிருஷ்ணரின் புது மூக்கு கொஞ்சம் பெரிது, ஆனால் கம்பீரமாக இருக்கிறது.

படி அசையவில்லை. கீழ்ப்படி பாப்பாவுடையது என்று விட்டுவிட்டேன். ஆனால் நடுப்படியில் கடை வைத்திருந்த செட்டியார் பொம்மையை எப்படியோ எடுத்து, துணி யானைக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, என் துப்பட்டாவைப் போர்த்தித் தட்டிக்கொண்டிருக்கிறாள். மாமி, பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்ததாகக் கணக்கா?

மாம்பலம் மாமி:

அதெல்லாம் இல்லை. அவள் தூங்கியதும் எழுப்பி உட்கார வை. இன்னும் ஆறு நாள் கடை நடத்த வேண்டும் அவர்.