டயரில் ‘எச்’ என்று போட்டிருந்தால் கேரவனை 100-ல் இழுக்கலாமா?

ஜங்ஷன்காரன்:
காருக்குப் பின்னால் கேரவன் டிரெய்லர் (சமையல், படுக்கை வசதியுள்ள பெட்டி வண்டி) இழுக்கிறவர்கள் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டவே கூடாது என்று போன வாரம் இங்கே ஒருவர் அடித்துச் சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. என் டிரெய்லரில் இருப்பது 195/65 ஆர்15, 91எச். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர். நான் கேட்பது அதில் பாதிகூட இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓமலூர் வரை நாலு வழிச் சாலை, அதில் 100-ல் வந்தால் என்ன கெட்டுவிடும்? 60-ல் உருட்டினால்தான் ஆபத்து, ஆம்னி பஸ்காரர் லைட்டை அடித்துக்கொண்டே பம்பரில் வந்து ஒட்டுகிறார். ஜெர்மனியில் கேரவனுக்கு 100 அனுமதி உண்டு. நமக்கு மட்டும் ஏன் மாட்டுவண்டி வேகம்?

சங்ககிரி லாரி:
தம்பி, எச்-ஐப் பார்த்தீங்க, அதற்கு முன்னால் நிற்கிற 91-ஐப் பார்த்தீங்களா? ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அதுவும் காற்று சரியாக இருந்தால்தான். உங்கள் வண்டி ஒற்றை ஆக்சில், ரெண்டே டயர். எடை மேடையில் ஏற்றிப் பார்த்ததுண்டா?

ஜங்ஷன்காரன்:
விளம்பரச் சீட்டில் 1,050 கிலோ அண்ணே. ரெண்டு டயரும் சேர்ந்து 1,230 தாங்கும். நிறைய மிச்சம் இருக்கிறதே.

சங்ககிரி லாரி:
1,050 காலிப் பெட்டிக்கு. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் அதுவே 100 கிலோ. வீட்டு சிலிண்டர் நிரம்பியிருந்தால் இரும்போடு சேர்த்து 30 கிலோ. பேட்டரி, பந்தல் துணி, நாற்காலி, பாத்திரம், வீட்டம்மா வேண்டாம் என்றாலும் விடாமல் ஏற்றுகிற கிரைண்டர், எல்லாம் சேர்ந்தால் 1,250 சுலபமாக வந்துவிடும். அதில் 75 கிலோ கொக்கி வழியாகக் கார் மேல் இறங்கட்டும், மீதி 1,175, டயருக்கு 587. இது இரண்டு பக்கமும் சமமாக இருந்தால். சமையல் மேடையும் தொட்டியும் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கத்து டயர் 615-ஐத் தாண்டிவிடும். கார் டயரை டிரெய்லரில் போட்டால் அதன் தாங்குதிறனை 1.10-ஆல் வகுக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் நடைமுறை. அப்படிப் பார்த்தால் உங்கள் டயர் 559 கிலோதான். ஏற்கெனவே தாண்டிவிட்டீங்க. அப்புறம், காற்று எவ்வளவு வைக்கிறீங்க?

ஜங்ஷன்காரன்:
32 பி.எஸ்.ஐ. சேலம் வெயில் மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிறது, டயர் சூடானால் காற்று விரியும், அதனால் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லி பஞ்சர் கடையில் சொன்னார்கள்.

சங்ககிரி லாரி:
அந்தப் பேச்சால்தான் பாதி டயர் வெடிக்கிறது. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். சூடு அங்கேயிருந்துதான் பிறக்கிறது. வேகம் கூடினால் மடங்குகிற தடவையும் கூடும். உள்ளே கம்பி அடுக்கு ரப்பரை விட்டுப் பிரிந்து கடைசியில் பட்டையாக உரிந்துகொண்டு போகும். 615 என்ற கணக்கு 36 பி.எஸ்.ஐ. காற்றுக்கு. 32-ல் அதுவும் கிடையாது. காலையில் கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது வைக்கணும். வழியில் சூடாகி 40-ஐக் காட்டினாலும் வால்வைத் திறந்து காற்றை இறக்கிவிடக் கூடாது, அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் டயர் செய்கிறார்கள்.

அம்மாபேட்டை வாசகன்:
டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்று நின்று சாவதுதான் அதிகம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். தரையைத் தொடுகிற ரப்பர் பட்டன் புதுசு மாதிரியே இருக்கும், நம்பாதீர்கள்.

ஜங்ஷன்காரன்:
சரி, டயரை மாற்றுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். 195/70 ஆர்15சி, 104ஆர், வேன்களுக்குப் போடுகிறது, ஒரு டயர் 900 கிலோ தாங்கும். இப்போது 100 போகலாம்தானே?

நாகலூர் காபி:
டயரோடு கதை முடிவதில்லை நண்பரே. வேகம் ஏற ஏற டிரெய்லர் தன் பக்கவாட்டு ஆட்டத்தைத் தானாக அடக்குகிற தன்மை குறைந்துகொண்டே போகும். 80-ல் ஒரு பஸ் உரசுகிற மாதிரிக் கடந்தால் இரண்டு ஆட்டு ஆட்டி நின்றுவிடுகிற அதே டிரெய்லர், 100-ல் ஒவ்வொரு வீச்சுக்கும் பெரிதாகிக்கொண்டே போகலாம். 80-லிருந்து 100 போனால் அடக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதுவும் தொப்பூர் இறக்கத்தில், பின்னாலிருந்து எடை தள்ளுகிற இடத்தில்? அங்கே நியூட்ரலில் இறங்குகிற லாரிகள் வேறு. ஆட்டம் ஆரம்பித்தால் காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கணும், ஆனால் அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் பிரேக்கில்தான் கால் போகிறது. ஜெர்மனியை இழுத்தீர்களே, அங்கே பொதுவாக 80-தான். 100-க்குத் தனி அனுமதி வாங்கணும். டயர் ஆறு வருடத்துக்குள் இருக்கணும், குறைந்தது எல் குறி, அதாவது 120 தாங்கணும், இழுக்கிற காரின் எடைக்கும் டிரெய்லர் எடைக்கும் விகிதம் பார்க்கிறார்கள். 100-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் எப்படி?

ஜங்ஷன்காரன்:
நிபந்தனை எல்லாம் சரியாக இருந்தால் 100 ஆபத்தில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், நான் சொன்னதும் அதுதானே.

சங்ககிரி லாரி:
நாகலூர்க்காரர் சொல்கிற 80-ம் எனக்கு முழுசா ஒத்துவரவில்லை. சமதளத்தில், காற்றில்லாத நேரத்தில், எடை சரியாக இருந்தால் 90 தப்பில்லை. தொப்பூரில் 50-கூட அதிகம்.

நாகலூர் காபி:
90 என்று எழுதினால் படிக்கிறவர் 110 போவார் அண்ணே. ஏற்காட்டுக்கு வந்தால் இந்தச் சண்டையே கிடையாது, 20 கொண்டை ஊசி வளைவு, இரண்டாம் கியர். இறங்கும்போது மட்டும் கவனம். கார் வேகம் குறைந்தால் தானாகப் பிடிக்கிற டிரெய்லர் பிரேக் அடிவாரம் வரை விடாமல் பிடித்துக்கொண்டே வரும். டிரம் சூடு ரிம்முக்கும் அங்கிருந்து டயர் விளிம்புக்கும் ஏறும். நடுவில் ஓரம் கட்டி ஆறவிடுங்கள்.

ஜங்ஷன்காரன்:
80-ஐ இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த வாரம் எடை மேடைக்குப் போகிறேன்.

சங்ககிரி லாரி:
தொட்டியை நிரப்பிக்கொண்டு போங்க. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றித் தனியாக ஒரு சீட்டு வாங்குங்க. வேன் டயர் போடுவதாக இருந்தால் ரிம் அந்தக் காற்றழுத்தத்தைத் தாங்குமா என்று பாருங்க, டயரின் பக்கச் சுவர் உயரமும் சுமார் 10 மில்லிமீட்டர் கூடும், மட்கார்டில் உரசக் கூடாது.